வுல்வர்: ஜன்னலில் மீன் வைத்தது யார்?

ஸ்காட்லாந்தின் வடகோடியில், ஷெட்லாந்து தீவுகளில் ஒரு ஓநாய் மனிதன் இருந்தானாம். உடல் மனித உடல், தலை ஓநாய்த் தலை, மேலெல்லாம் குட்டையான பழுப்பு மயிர். குன்றின் சரிவில் குகை தோண்டிக்கொண்டு தனியாக வாழ்வான். யாரையும் கடிக்க மாட்டான், துரத்த மாட்டான். கடலோரம் ஒரு பாறையில் உட்கார்ந்து மணிக்கணக்காக மீன் பிடிப்பான். பிடித்ததில் கொஞ்சத்தை ஏழை வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவான். அவன் பேர் வுல்வர்.

முதல் தடவை படித்தபோது எனக்கும் உருகிவிட்டது, மறைக்க மாட்டேன். ஓநாய் மனிதன் என்றாலே பௌர்ணமி, ரத்தம், வெள்ளிக் குண்டு என்று பார்த்துப் பழகிய நமக்கு, மீன் கொடுத்துவிட்டுப் போகிற ஒருத்தன் புதுசு. இதைப் பற்றி ஒரு நல்ல பதிவு போடலாம் என்று குறிப்பு எடுக்க உட்கார்ந்தேன். ரெண்டு ராத்திரி போனதுதான் மிச்சம், போட நினைத்த பதிவு செத்துவிட்டது. அதற்குப் பதிலாக வந்ததுதான் இது.

என்ன பிரச்சனை என்றால், வுல்வரைப் பற்றி இணையத்தில் நூறு பக்கம் இருக்கிறது. அந்த நூறையும் பின்னால் தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் ஒரே ஒரு புத்தகத்தில் போய் முட்டுகிறது. 1932ல் வந்த 'ஷெட்லாந்து மரபுக் கதைகள்' என்ற தொகுப்பு. எழுதியவர் ஜெஸ்ஸி சாக்ஸ்பி. அதிலும் வுல்வருக்குக் கிடைத்த இடம் ஒரு சின்னப் பத்தி. நான் மேலே சொன்னேனே, ஏறக்குறைய அவ்வளவுதான் அதில் இருப்பது. கூடவே, அவன் உட்கார்ந்து மீன் பிடித்த பாறைக்கு 'வுல்வரின் கல்' என்று பேர் என்கிறார். நாம் அவனைச் சீண்டாவிட்டால் அவனும் நம்மைச் சீண்ட மாட்டான் என்கிறார். முடிந்தது.

மற்றதெல்லாம் பிற்பாடு ஒட்டியது. வழி தவறியவர்களை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய் விடுவான், சாகப்போகிறவர் வீட்டு வாசலில் காவல் இருப்பான், ஓநாய்க்கும் மனிதனுக்கும் இடைப்பட்ட நிலை என்று பழங்கெல்டியர்கள் நம்பினார்கள் என்றெல்லாம் இப்போது ஒவ்வொரு பக்கத்திலும் வருகிறதே, இதில் ஒன்றுகூட சாக்ஸ்பியிடம் கிடையாது. 1976ல் காதரின் பிரிக்ஸ் தன் தேவதை அகராதியில் வுல்வருக்கு ஒரு பதிவு கொடுத்தார். அவரும் சாக்ஸ்பியைத்தான் கைகாட்டுகிறார். ஆனால் அகராதியில் ஏறிவிட்டால் அப்புறம் யார் கேட்கப் போகிறார்கள்? ஒருத்தர் எழுதியதை அடுத்தவர் எடுத்துக் கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பார், அவரிடமிருந்து மூன்றாமவர் எடுத்து இன்னும் கொஞ்சம் சேர்ப்பார். மூன்று பக்கத்திலும் ஒரே விஷயம் இருப்பதைப் பார்த்துவிட்டு, சரி, மூன்று ஆதாரம் இருக்கிறது என்று நாம் நம்பிவிடுகிறோம்.

இதில் 'கெல்டியர்' சங்கதிதான் எனக்குப் பெரிய எரிச்சல். ஷெட்லாந்து ஸ்காட்லாந்தின் நிர்வாகத்துக்குள் இருக்கிறதே ஒழிய, அதன் நாக்கு வேறு. 1469ல்தான் அது ஸ்காட்லாந்து கைக்கு வந்தது. டென்மார்க், நார்வே இரண்டையும் ஆண்ட முதலாம் கிறிஸ்டியன், மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்து அரசன் மூன்றாம் ஜேம்ஸுக்குக் கட்டிக்கொடுத்தபோது, வரதட்சணைப் பணம் கையில் இல்லாமல் அடகு வைத்த தீவுகள் அவை. அடகு மீட்கப்படவே இல்லை. அங்கே ஜனங்கள் பேசியது நார்ன் என்ற ஸ்காண்டிநேவிய மொழி. 18, 19ஆம் நூற்றாண்டுகளில்தான் அது மெல்லச் செத்தது. தலைநகரான லெர்விக்கிலிருந்து நார்வேயின் பெர்கனும் ஸ்காட்லாந்தின் அபர்டீனும் ஏறத்தாழ ஒரே தூரம். ஆக, அந்த ஊர்க் கதையைக் கெல்டியரிடம் கொண்டுபோய்க் கட்டுவது வரைபடத்தைக்கூடப் பார்க்காதவர்கள் செய்கிற வேலை.

இன்னொன்று. ஷெட்லாந்தில் ஓநாயே கிடையாது. இப்போது மட்டுமில்லை, எப்போதுமே இருந்ததில்லை. ஸ்காட்லாந்தின் பெருநிலத்தில் இருந்தன. கடைசி ஓநாயை 1680ல் கொன்றார்கள் என்று ஒரு கதை, 1743ல் என்று இன்னொரு கதை. ஆனால் நடுக்கடலில் இருக்கும் இந்தத் தீவுகளுக்கு அவை எப்படி வரும்? ஓநாயைப் பார்த்தேயிராத ஊரில் ஓநாய்த் தலை மனிதன். இது நடக்கவே முடியாது என்று சொல்லவில்லை. யானையைப் பார்க்காத ஊரிலும் யானைக் கதை இருக்கும். ஆனாலும் இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரவேண்டும்.

அந்தச் சந்தேகத்தை ஒழுங்காகப் பின்தொடர்ந்தவர் பிரையன் ஸ்மித். ஷெட்லாந்து ஆவணக் காப்பகத்தில் வருஷக்கணக்காக வேலை பார்த்த வரலாற்றாளர். வுல்வரின் உண்மைக் கதை என்று 2021ல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொல்வது சுருக்கமாக இது: சாக்ஸ்பிக்கு முன்னால் ஷெட்லாந்தில் வுல்வர் என்ற பிராணியைப் பற்றி யாரும் எழுதவில்லை. இருந்ததெல்லாம் ஒரு குன்றின் பேர்தான்.

அந்தப் பேரைக் கவனித்தவர் யாக்கோப் யாக்கோப்சன். ஃபேரோ தீவுகளைச் சேர்ந்த மொழியியலாளர். 1893ல் ஷெட்லாந்துக்கு வந்து இரண்டு வருஷம் போல வீடு வீடாக, வயல் வயலாக அலைந்து, செத்துப்போன நார்னின் மிச்சங்களைப் பொறுக்கினார். கிழவர்கள் வாயில் தங்கியிருந்த சொற்கள், மீனவர்கள் கடலில் மட்டும் பயன்படுத்திய விலக்குச் சொற்கள், குன்று, ஓடை, பாறைப் பேர்கள் என்று அவர் சேர்த்தது ஏறக்குறைய பத்தாயிரம் சொல். அவருக்குக் கிடைத்த இடப்பேர்களில் ஒன்று 'வுல்வர்ஸ் ஹூல்'. 'ஹூல்' என்றால் குன்று. 'வுல்வர்' பழைய நார்ஸ் மொழியின் 'ஆல்ஃப்ர்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று அவர் விளக்கினார். ஆல்ஃப்ர் என்றால் குன்றுக்குள் வாழும் தேவதை மாதிரியான ஜீவன். அதாவது தேவதைக் குன்று. நார்ஸில் ஓநாய்க்குச் சொல் 'ஊல்ஃப்ர்'. ஆல்ஃப்ர், ஊல்ஃப்ர். நடுவில் ஒரு உயிரெழுத்துதான் வித்தியாசம்.

ஸ்மித்தின் வாதப்படி, இந்தக் குன்றுப் பேரிலிருந்துதான் சாக்ஸ்பியின் பிராணி பிறந்தது. தேவதை போய் ஓநாய் வந்தது. பழைய வீட்டின் அடையாளம் மட்டும் அழியவில்லை பாருங்கள்: சாக்ஸ்பியின் வுல்வர் எங்கே குடியிருக்கிறான்? காட்டிலா? இல்லை, குன்றுச் சரிவில் தோண்டிய குகையில். குன்றுக்குள் குடியிருப்பது நார்ஸ் தேவதைகளின் வழக்கம். இந்த நுணுக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

பேரிலிருந்து கதை பிறப்பது புதுசு ஒன்றும் இல்லை. வேல்ஸில் பெத்கெலெர்ட் என்று ஒரு ஊர். 'கெலெர்ட்டின் கல்லறை' என்று பொருள். கெலெர்ட் பழைய காலத்து ஒரு துறவியாக இருக்கலாம். ஆனால் ஊரில் சொல்லும் கதை வேறு: கெலெர்ட் என்பது லெவெலின் அரசனின் வேட்டைநாய், ஓநாயிடமிருந்து குழந்தையைக் காப்பாற்றிய அதை, குழந்தையைக் கொன்றுவிட்டது என்று தப்பாக நினைத்து அரசனே வெட்டிவிட்டான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே விடுதி நடத்திய டேவிட் பிரிட்சார்ட் என்பவர்தான் இந்தக் கதையை அந்த ஊரோடு ஒட்டவைத்தார் என்பார்கள். கல்லறைக்குக் கல்லும் நட்டாயிற்று, சுற்றுலாக்காரர்களும் வந்தாயிற்று. நமக்கு இந்தக் கதை எங்கேயோ கேட்டதாக இருக்குமே? ஆமாம், பஞ்சதந்திரத்தின் கீரியும் பாம்பும்தான். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் கீரியைக் கொன்ற பார்ப்பனிக்குக் கோவலன் உதவிய செய்தியும் அதே கதையின் நிழல். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பெத்கெலெர்ட்டில் ஒட்டியது ஏற்கெனவே ஊர் ஊராக நடந்து வந்த உயிருள்ள கதை. வுல்வருக்குப் பின்னால் அப்படி நடந்து வந்த கதை எதுவும் இல்லை.

ஸ்மித்தின் கட்டுரை இல்லாவிட்டாலும், சாக்ஸ்பியின் பத்தியைக் கதையாக மட்டும் வாசித்தாலே ஏதோ இடிக்கும். நாட்டார் கதையில் ஒரு ஆள் இருப்பான், ஒரு ராத்திரி இருக்கும், ஏதோ ஒன்று நடக்கும். ஷெட்லாந்தில் நிஜமாகவே வழங்கிய 'ட்ரௌ' கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரௌ என்பவை குன்றுக்குள் வாழும் பூதங்கள். கல்யாண வீட்டில் வாசித்துவிட்டு ராத்திரி வீடு திரும்பும் பிடில்காரனைக் கடத்திக்கொண்டு போகும்; ஒரு ராத்திரி வாசித்தோம் என்று நினைத்து அவன் வெளியே வந்தால் தலைமுறையே மாறியிருக்கும். பிள்ளை பெற்றவளைத் தூக்கிக்கொண்டு போகும். இதில் ஆசை இருக்கிறது, பேரம் இருக்கிறது, பயம் இருக்கிறது. நல்லது செய்கிற பிராணிகள்கூட ஏதோ ஒரு கணக்கில்தான் செய்யும். ஸ்காட்லாந்தின் வீட்டு பூதமான பிரவுனி ராத்திரியில் வேலை எல்லாம் முடித்து வைக்கும். கொஞ்சம் பாலாடை வைக்கவேண்டும். பரிதாபப்பட்டுப் புதுத் துணி கொடுத்தால் ரோஷம் வந்து போயே போய்விடும்.

வுல்வருக்கு இந்த மாதிரி ஒன்றும் இல்லை. எந்த ஊர், எந்தக் கிழவி, எந்தக் குளிர்காலம்? பதில் கிடையாது. அவனைச் சீண்டினவன் கதி என்ன? அதுவும் கிடையாது. திரும்ப அவனுக்கு யாரும் எதுவும் வைக்கவேண்டாம். ஒரு சம்பவம் இல்லாத, ஒரு குணம் மட்டும் இருக்கிற உருவம். இதைக் கதை என்பதைவிடக் குணச்சித்திரம் என்று சொல்லலாம். அந்தக் குணமும், யோசித்தால், 19ஆம் நூற்றாண்டு நடுத்தர வீட்டுக் கூடத்தில் பாராட்டப்பட்ட குணம்: அமைதியாக இரு, உழை, பேர் சொல்லாமல் தர்மம் செய்.

'அவன் ஒரு நோயாளி' என்பவர்கள் வேறு இருக்கிறார்கள். தேவதைக் கதைகளுக்குப் பின்னால் ஊனமுற்ற நிஜ மனிதர்கள் இருந்திருக்கலாம் என்று 1988ல் சூசன் ஷூன் எபர்லி ஒரு கட்டுரை எழுதினார். யோசிக்கவேண்டிய கட்டுரைதான், மாற்றுக் குழந்தைக் கதைகளுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு, வுல்வருக்கு வந்தது ஹண்டர் நோய் என்று முடிவே கட்டிவிட்டார்கள் சிலர். 1917ல் சார்லஸ் ஹண்டர் என்ற மருத்துவர் விவரித்த பரம்பரை நோய் அது. கடுமையாக வந்த பையன்கள் சிகிச்சை இல்லாமல் வாலிபத்தைத் தாண்டுவதே அபூர்வம். அப்படிப்பட்டவன் குன்றில் குகை தோண்டி, பாறையில் உட்கார்ந்து, ஊருக்கும் சேர்த்து மீன் பிடித்தானா? ஆளே இல்லை என்கிறபோது அவனுக்கு வைத்தியம் பார்ப்பது என்ன நியாயம்!

சிரித்துக்கொண்டே இதை எழுதினேன், ஆனால் நானும் அதே குழியில் விழப் பார்த்தவன்தான். குட்டையான பழுப்பு மயிர், கரையோரச் சரிவில் வளை, பாறையில் உட்கார்ந்து மீன், மனிதரைச் சீண்டாது. நீர்நாய்! ஐரோப்பாவிலேயே நீர்நாய் மிக நெருக்கமாக வாழும் இடங்களில் ஒன்று ஷெட்லாந்து. அதற்கு அங்கே 'டிராட்சி' என்று செல்லமான ஒரு பேரும் உண்டு. ஒரு மணி நேரம் நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். அப்புறம்தான் உறைத்தது: இதற்கும் ஆதாரம் பூஜ்யம். எந்தக் கிழவரும் நீர்நாயை வுல்வர் என்று சொன்னதாக எங்கும் இல்லை. பொருத்தம் அழகாக இருக்கிறது என்பதைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை. சாக்ஸ்பிக்கும் அந்தக் குன்றுப் பேரைப் பார்த்தபோது இப்படித்தான் இருந்திருக்கும் போல. நீர்நாயைக் குறிப்பேட்டிலேயே விட்டுவிட்டேன்.

சரி, அப்போ சாக்ஸ்பி பொய்க்காரியா? நாட்டார் வழக்கு என்ற பேரில் எழுத்தாளர்கள் செய்து விற்கும் சரக்குக்கு 1950ல் ரிச்சர்ட் டோர்சன் 'போலி வழக்கு' என்று ஒரு பேர் வைத்தார். அந்த முத்திரையைக் குத்தி வேலையை முடிக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. காரணம் பாசம் இல்லை. அந்தப் பத்தியில் ஒரே ஒரு இடம் பொய்யாக இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

சாக்ஸ்பி எழுதும்போது வுல்வர் 'மீன்' பிடிப்பதில்லை. சில்லக்கும் பில்டக்கும் பிடிக்கிறான். இரண்டும் ஒரே மீன்தான், சேத் என்கிற கடல்மீனின் குட்டிப் பருவங்கள். முதல் வருஷத்தில் சில்லக், அதற்குப் பிறகு சில வருஷம் பில்டக். இணையத்தில் இந்த வார்த்தைகள் உதிர்ந்துபோய் வெறும் 'மீன்' ஆகிவிட்டது. அதோடு கதையின் எலும்பும் போய்விட்டது.

ஷெட்லாந்தில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் குத்தகைக்காரன் தன் இஷ்டத்துக்கு மீன் பிடித்து விற்க முடியாது. நிலம் வேண்டுமானால் நிலக்கிழாருக்காகக் கடலுக்குப் போகவேண்டும். ஆறு பேர் துடுப்புப் போடும் 'சிக்ஸரீன்' என்ற திறந்த படகில், கரை கண்ணுக்குத் தெரியாத ஆழ்கடலுக்குப் போய் லிங், காட் மீன்களைப் பிடித்து வரவேண்டும். பிடித்தது நிலக்கிழாருக்கோ அவருடைய வியாபாரிக்கோ போகும். விலையை அவர்களே வைப்பார்கள், பணத்துக்குப் பதில் கடைச் சரக்குக் கொடுப்பார்கள், கணக்கில் எப்போதும் கடன் நிற்கும். இந்த அநியாயம் முற்றிப்போய் 1872ல் அரசாங்கமே விசாரணை வைத்தது. 1881 ஜூலையில் ஒரே புயலில் 10 படகும் 58 பேரும் போனார்கள். குளூப் பேரிடர் என்று சொல்வார்கள்.

லிங்கும் காடும் துரைக்கு என்றால், குடும்பம் எதைத் தின்றது? சில்லக்கையும் பில்டக்கையும். அதற்குப் படகு வேண்டாம். கரைப் பாறையில் ஒரு கழியோடு உட்கார்ந்தால் போதும். பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியை நசுக்கித் தண்ணீரில் தூவினால் கூட்டமாக வரும். அதன் ஈரலை உருக்கிய எண்ணெய்தான் விளக்குக்கும். கிழவனும் பையனும்கூடப் பிடிக்கலாம். பாறையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும் அந்த உருவம் ஓநாய் மனிதன் இல்லை, ஷெட்லாந்தின் ஒவ்வொரு ஊரிலும் தினமும் கண்ணில் பட்ட ஏழை. வழுக்குப் பாறைக்கு இறங்க முடியாத கிழவிக்கு, புருஷனைக் கடலில் விட்டவளுக்கு, தன் பங்கிலிருந்து நாலு சில்லக்கை வாசலில் வைத்துவிட்டுப் போனவர்கள் அங்கே இருந்திருக்கவேண்டும் என்றே நினைக்கிறேன். இதுவும் ஊகம்தான். ஆனால் நீர்நாயைவிட இதற்குக் கால் இருக்கிறது.

சாக்ஸ்பி இதை எங்கிருந்து பார்த்தார் என்பதும் முக்கியம். 1842ல் அன்ஸ்ட் தீவில் பிறந்தவர். அப்பா டாக்டர், அவருடைய எட்மண்ட்ஸ்டன் குடும்பம் அந்தத் தீவின் நிலக்கிழார் குடும்பம். அதே சமயம், 1873ல், முப்பது வயதை ஒட்டி, பிள்ளைகளோடு விதவையானார். அதன்பின் பேனாதான் சோறு போட்டது. பையன்களுக்கான சாகசக் கதைகள் எழுதித் தள்ளினார். வைக்கிங் மோகம் பிடித்து ஊரே தீப்பந்தத்தோடு ஊர்வலம் போக ஆரம்பித்த காலத்து ஆள். இந்தப் புத்தகம் வந்தபோது அவருக்கு 90 வயது.

யோசித்துப் பாருங்கள். நிலக்கிழார் மரபில் பிறந்த ஒருவர், ஏழைக்கு மீன் கொடுத்தவனை எழுதுகிறார். கொடுப்பவன் குத்தகைக்காரன் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் இல்லை. குன்றில் வாழும் ஒரு விசித்திரப் பிராணி. ஏன் மீன் இல்லாமல் போயிற்று, பிடித்த மீன் எங்கே போயிற்று என்ற கேள்வியே அந்தப் பத்தியில் எழாது. ஏழை எப்படியோ ஏழை, உதவி எங்கிருந்தோ வருகிறது. இது அவர் திட்டம் போட்டுச் செய்தது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அப்படித்தான் ஆகியிருக்கிறது. அண்டை வீட்டுக்காரர்கள் செய்த காரியத்துக்கு ஓநாய் பேர் வாங்கிக்கொண்டது.

ஸ்மித்திடம் எனக்கு ஒரே ஒரு மனக்குறை. பிராணி போலி என்று நிரூபித்துவிட்டார், ரொம்ப சரி. ஆனால் அந்தப் பிராணியின் கையில் இருந்த மீனையும் ஒரு நிமிஷம் பார்த்திருக்கலாம். அதைத் தேடவேண்டிய இடம் தேவதை அகராதி இல்லை, 1872 விசாரணை அறிக்கை. குத்தகைக்காரர்களின் வாக்குமூலம் நூற்றுக்கணக்கான பக்கத்துக்கு இருக்கிறது: யாருக்கு மீன் பிடித்தாய், என்ன விலை கொடுத்தார்கள், கடன் எவ்வளவு என்று கேள்வியும் பதிலுமாக. இப்போது அதைத்தான் மெதுவாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். சில்லக் வரும் இடங்களைத் தனியாகக் குறித்துவைக்கிறேன்.